கேள்வி–பதில்: தேவர்கள் தேடி வந்த பெண்கள்

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் கிரேக்கப் புராணத்தில் தேவர்கள் மனம் வைத்த மானிடப் பெண்களைப் பற்றியவை. அதனால் மற்றவற்றை ஒதுக்கிவிட்டு இவற்றை மட்டும் எடுத்துக்கொண்டோம். பெயர்களைக் கிரேக்க வழக்கிலேயே தருகிறோம். ரோமானியர்களின் ஜுபிட்டர் இங்கே ஜீயஸ், அவன் மனைவி ஜூனோ இங்கே ஹேரா.

கேள்வி: தலைமைத் தெய்வமான ஜீயஸுக்கு ஏன் இத்தனை பெண்கள்? கிரேக்கர்களுக்கு இப்படி எழுதிவைக்க எப்படி மனம் வந்தது? – வாசகர், திருநெல்வேலி

பதில்: ஒவ்வோர் ஊர்த் தலபுராணத்திலும் இறைவன் அந்த ஊரைத் தேடியே வருவதைப் படித்திருப்பீர்கள். அந்த ஊர்க்காரருக்கு அது ஒரே கதை. எல்லா ஊர்க் கதைகளையும் ஒரே கட்டாகக் கட்டினால்தான் ஓரிடத்தில் நிற்காத தெய்வம் போலத் தோன்றும். கிரேக்கத்திலும் இதுவே நடந்தது. ஆர்கோஸ் நகரத்துக்கு அயோவும் டானாயியும், தீப்ஸுக்குச் செமெலி, ஆன்டியோபி, அல்க்மீனி, ஸ்பார்ட்டாவுக்கு லீடா, ஆர்க்கேடியாவுக்குக் காலிஸ்டோ, கிரீட் தீவுக்கு யூரோப்பா. 'எங்கள் குலமுதல்வன் தேவனுக்குப் பிறந்தவன்' என்று சொல்ல ஒவ்வோர் அரச குலத்துக்கும் ஒரு பாட்டி வேண்டியிருந்தாள்.

இதற்கென்றே ஒரு பழைய காவியம் இருந்தது. பழங்கிரேக்கக் கவிஞர் ஹெசியோட் பெயரால் வழங்கிய 'பெண்களின் பட்டியல்', மொத்தம் 5 பாகம். 'அல்லது இன்னாளைப் போன்றவள்' என்ற தொடரோடு அடுத்தடுத்த பெண்ணைக் கொண்டுவரும். முழு நூல் நமக்குக் கிடைக்கவில்லை. எகிப்தில் மண்ணுக்கடியில் கிடந்த பாப்பிரஸ் என்ற நாணல் தாள் துண்டுகளிலிருந்து கணிசமான வரிகளை மீட்டிருக்கிறார்கள். அந்தத் துண்டுகளைப் படித்தால் கவிஞரின் கண் காதலில் இல்லை, வம்சாவளியில்தான் இருக்கிறது என்பது தெளிவாகத் தெரியும்.

வம்சாவளியை ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். அயோவின் மகன் எபாஃபஸ். அவன் மகள் லிபியா. லிபியாவுக்கு பீலஸ், அஜீனோர் என்று இரண்டு மகன்கள். அஜீனோரின் பிள்ளைகள் யூரோப்பாவும் காட்மஸும். காட்மஸின் மகள் செமெலி. மறுபக்கம் பீலஸின் மகன் டனாவஸ், அவன் மகள் ஹைப்பர்ம்னெஸ்ட்ரா, அவள் மகன் அபாஸ், அவன் மகன் அக்ரிசியஸ், அவன் மகள் டானாயி, அவள் மகன் பெர்சியஸ், அவன் மகன் எலெக்ட்ரியான், அவன் மகள் அல்க்மீனி, அவள் மகன் ஹெராக்ளீஸ் (ஹெர்குலிஸ்). அயோவையும் சேர்த்து எண்ணினால் ஹெராக்ளீஸ் 13-ஆவது ஆள். ஆக, தனித்தனிக் காதல் கதைகளாக நாம் படித்தவற்றில் பல, ஒரே குடும்பத்தின் கதை. ஜீயஸ் பெர்சியஸின் தந்தை. பெர்சியஸின் பேத்தி அல்க்மீனி. அவளையும் ஜீயஸே நாடுகிறான். உறவுமுறை பார்த்தால் நமக்குத் திகைப்பாக இருக்கும். டயோடோரஸ் என்ற வரலாற்றாசிரியர், ஜீயஸ் நாடிய முதல் மானிடப் பெண் ஃபோரோனியஸின் மகள் நியோபி, கடைசிப் பெண் அல்க்மீனி என்று எழுதுகிறார். பிள்ளைகளை இழந்து கல்லாய்ப் போன நியோபி வேறு. பலரும் இங்கே குழப்பிக்கொள்கிறார்கள்.

கேள்வி: செமெலி கேட்ட வரம் அவளைக் கொன்றுவிடும் என்று ஜீயஸுக்குத் தெரியும். 'தர மாட்டேன்' என்று சொல்லியிருக்கலாமே? – வாசகி, தஞ்சாவூர்

பதில்: சொல்ல முடியாது. அவன் பாதாளத்து ஸ்டிக்ஸ் ஆற்றின் மேல் ஆணையிட்டுவிட்டான். அந்த ஆணை தேவர்களையும் கட்டும். மீறினால் என்ன ஆகும் என்பதை ஹெசியோட் கணக்காகவே சொல்லிவைத்திருக்கிறார். ஆணை தவறிய தேவன் ஓராண்டு முழுக்க மூச்சும் பேச்சும் இல்லாமல் படுக்கையில் கிடப்பான். அமுதம் அவன் வாய்க்கு எட்டாது. அதன்பின் 9 ஆண்டுகள் தேவர்களின் சபையிலும் விருந்திலும் அவனுக்கு இடமில்லை. 10-ஆவது ஆண்டில்தான் திரும்பலாம்.

கதையின் கட்டுமானத்தைக் கவனியுங்கள். செமெலி கருவுற்றிருக்கிறாள். ஹேரா கிழவி வேடத்தில் வருகிறாள். ரோமானியக் கவிஞர் ஓவிட் சொல்வதன்படி, செமெலியை வளர்த்த செவிலி பெரோயியின் வடிவம். 'வந்தவன் ஜீயஸ்தான் என்பதற்கு என்ன சாட்சி? ஹேராவிடம் எந்தக் கோலத்தில் போகிறானோ அதே கோலத்தில் உன்னிடமும் வரச் சொல்' என்கிறாள். செமெலியோ 'ஒரு வரம் வேண்டும்' என்று மட்டும் கேட்கிறாள். என்ன வரம் என்று தெரிந்துகொள்ளாமலே ஜீயஸ் ஆணையிடுகிறான். பிழை அங்கேதான். கேட்டபின் அவள் வாயைப் பொத்தப் போகிறான். சொல் வெளியே வந்துவிட்டது. இருக்கும் இடிகளில் உக்கிரம் குறைந்த ஒன்றைத் தேடி எடுத்துவருகிறான். அதையும் மனித உடல் தாங்கவில்லை. 6 மாதக் கருவை எடுத்துத் தன் தொடையில் வைத்துத் தைத்துக்கொள்கிறான். மாதம் நிறைந்ததும் பிறப்பவன் மதுவின் தெய்வமான டயோனிசஸ்.

செமெலி ஆணவத்தால் அழிந்தாள் என்று சுருக்கி எழுதுகிறவர்களோடு எங்களுக்கு உடன்பாடில்லை. யூரிப்பிடிஸின் 'பாக்கே' நாடகத்தில் அவளுடைய சகோதரிகள் என்ன பேசினார்கள் என்று டயோனிசஸே சொல்கிறான்: யாரோ ஒருவனிடம் கெட்டுப்போய்விட்டு ஜீயஸின் பெயரைச் சொல்கிறாள் என்று ஊரெல்லாம் பரப்பினார்கள். வயிற்றில் பிள்ளையோடு நிற்கும் பெண், வந்தவன் யார் என்று உறுதி கேட்டது ஆணவமா? அதே நாடகத்தின் தொடக்கத்தில் தீப்ஸ் அரண்மனைக்குப் பக்கத்தில் அவள் சமாதி இருக்கிறது. இடி விழுந்த வீட்டின் இடிபாடு இன்னும் புகைந்துகொண்டிருக்கிறது. அவள் தந்தை காட்மஸ் அந்த இடத்தில் யாரும் கால் வைக்கக் கூடாது என்று ஒதுக்கிவைத்திருக்கிறார். மகன் அதைச் சுற்றித் திராட்சைக் கொடியைப் படரவிட்டிருக்கிறான். தாய்க்காக ஒரு மகன் செய்யும் காரியங்களில் இதைவிட அழகானதைக் கிரேக்க நாடகத்தில் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

கதை சாவோடு முடிவதும் இல்லை. டயோனிசஸ் பாதாளம் சென்று தாயை மீட்டுவருகிறான். தியோனி என்ற புதுப் பெயரோடு அவள் தேவர்கள் வாழும் ஒலிம்பஸ் மலை ஏறுகிறாள்.

கேள்வி: 'காதல்' என்று எல்லாப் புத்தகமும் எழுதுகிறது. படித்தால் பல இடங்களில் பலாத்காரமாகத்தான் தெரிகிறது. எது சரி? – வாசகி, சேலம்

பதில்: உங்கள் கண்ணுக்குத் தெரிவதுதான் சரி. கிரேக்கக் காவியங்களில் இந்த இடங்களில் வரும் சொல்லின் நேர்ப்பொருள் 'அன்பில் கலத்தல்'. கணவன் மனைவிக்கும் அதே சொல், வேடமிட்டு வந்த தேவனுக்கும் அதே சொல். பெண்ணின் சம்மதத்தைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை. அதைக் 'காதலித்தாள்' என்று தமிழாக்கியதும் மூலத்தில் இல்லாத சம்மதம் தானாக வந்து ஒட்டிக்கொள்கிறது.

கதையைப் படிக்கும்போது மூன்றைக் கேட்டுப் பாருங்கள். வந்தவன் யார் என்று அவளுக்குத் தெரியுமா? மறுக்க அவளுக்கு வழி இருந்ததா? அவள் வாயால் ஒரு சொல்லாவது கதையில் வருகிறதா?

ஹோமரின் ஒடிசி காவியத்தின் 11-ஆம் காண்டத்தில் டைரோ வருகிறாள். அவள் மனம் வைத்தது எனிபியஸ் என்ற ஆற்றின் தெய்வத்திடம். அந்த ஆற்றுத் தெய்வத்தின் வடிவத்தில் கடல் தெய்வமான பொசைடன் வருகிறான். மலைபோல ஓர் அலை எழுந்து இருவர் மேலும் வளைந்து மறைக்கிறது. அவளுக்கு உறக்கம். முடிந்தபின் அவன் சொல்வது: தேவர்களின் படுக்கை வீண்போகாது, பிள்ளைகளைப் பெற்று வளர்த்துக்கொள், வீட்டுக்குப் போ, வாயை அடக்கு, என் பெயரை வெளியே சொல்லாதே. டைரோ ஒரு வார்த்தையும் பேசுவதில்லை. முதல் கேள்வி, மூன்றாம் கேள்வி இரண்டுக்கும் விடை 'இல்லை'.

பேசுகிறவள் கிரியூசா. யூரிப்பிடிஸின் 'அயான்' நாடகத்தின் நாயகி. ஏதென்ஸ் அரசன் எரெக்தியஸின் மகள். அக்ரோபோலிஸ் குன்றின் வடசரிவில் உள்ள குகையில் ஜீயஸின் மகனான அப்போலோ அவளை வலிந்து கூடினான். அவள் யாருக்கும் சொல்லாமல் பிள்ளையைப் பெற்று, ஒரு கூடையில் வைத்து, அதே குகையில் விட்டுவந்தாள். பல ஆண்டுகள் கழித்து டெல்ஃபியில், அதே அப்போலோவின் கோயில் வாசலில் நின்று வாய் திறக்கிறாள். 'பொன்முடி மின்ன வந்தாய். மஞ்சள் பூக்களைப் பறித்து மடியில் போட்டுக்கொண்டிருந்தேன். என் வெளுத்த மணிக்கட்டுகளைப் பிடித்து இழுத்தாய். அம்மா என்று கத்தினேன்' என்ற பொருள்பட அந்தப் பாட்டு போகும். அந்த மடி, அந்த மணிக்கட்டு, அந்தக் கூச்சல் மூன்றும் போதும், நடந்தது காதலா இல்லையா என்று விளங்கிக்கொள்ள.

பிள்ளையோ சாகவில்லை. தேவர்களின் தூதன் ஹெர்மீஸ் அவனைக் கூடையோடு டெல்ஃபிக்குத் தூக்கிவந்துவிட, கோயில் பூசாரிணி வளர்த்திருக்கிறாள். யாரென்று அறியாமல் கிரியூசா அவனுக்கே நஞ்சு வைக்கிறாள். சிந்திய மதுவைக் குடித்த புறா ஒன்று துடித்துச் செத்ததால் பிழைக்கிறான். பூசாரிணி அந்தப் பழைய கூடையைக் கொண்டுவருகிறாள். உள்ளே என்னவெல்லாம் இருக்கிறது என்று பார்க்காமலே கிரியூசா சொல்ல வேண்டும். அவள் சொல்கிறாள்: சிறுமியாக இருந்தபோது நான் நெய்து பழகிய, முடியாத துணி, நடுவில் கோர்கன் என்ற அரக்கியின் முகம், ஓரமெல்லாம் பாம்பு. குழந்தைக்குப் பூட்டிய பொன் பாம்புகள். வாடாத ஒலிவ இலை மாலை. மூன்றும் இருக்கின்றன. கடைசியில் அப்போலோ வந்தானா? இல்லை. தான் நேரில் வந்தால் பழைய பழி பேசப்படும் என்று ஏதென்ஸின் காவல் தெய்வம் அதீனாவை அனுப்பிவிடுகிறான். இதைக் கிரேக்க நாடகமே மேடையில் சொல்லியிருக்கிறது. இந்தக் கேள்வியை இன்றைய காலம்தான் கேட்கிறது என்று யாராவது சொன்னால் 'அயான்' நாடகத்தைப் படிக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: தேவனை வேண்டாம் என்று சொன்ன பெண் ஒருத்தியாவது உண்டா? – வாசகர், கோயம்புத்தூர்

பதில்: உண்டு. மார்பெஸ்ஸா. இடாஸ் என்ற வீரன் அவளைத் தேரில் கொண்டுபோகிறான். அப்போலோ குறுக்கே வந்து பறிக்கப் பார்க்கிறான். மனிதன் தேவனுக்கு எதிராக வில்லை எடுக்கிறான். ஜீயஸ் இருவரையும் விலக்கி, 'யார் வேண்டும், நீயே சொல்' என்று அவளிடம் விடுகிறான். அவள் இடாஸைத் தேர்ந்தாள். காரணம், தனக்கு வயதானால் அப்போலோ கைவிட்டுவிடுவான் என்ற பயம். மூப்பே வராதவனோடு மூப்படையப் போகிறவள் போட்ட சரியான கணக்கு அது. கேட்டுத் தேரும் உரிமை கிடைத்தவள் என்பதால் இவள் கதை எங்களுக்கு மிகப் பிடித்தது.

டிராய் இளவரசி கசாண்ட்ராவுக்கு அந்த வாய்ப்பு இல்லை. அப்போலோவுக்கு ஒப்புக்கொண்டு பிறகு மறுத்ததாக 'அகமெம்னான்' நாடகத்தில் அவளே சொல்கிறாள். வருவதை அறியும் ஆற்றல் அவளிடம் தங்கியது. அவள் சொல்லை ஒருவரும் நம்பாதபடி ஆனது.

கேள்வி: அல்க்மீனி கதை நம் அகலிகை கதை மாதிரியே இருக்கிறதே? – வாசகி, மதுரை

பதில்: தொடக்கம் ஒன்றுதான்: கணவன் வடிவில் தேவன். அதற்கப்பால் இரண்டும் வேறு திசையில் போகின்றன. கம்பனின் அகலிகை இடையில் உணர்ந்துகொள்கிறாள், உணர்ந்தபின்னும் விலகவில்லை. அல்க்மீனிக்குக் கடைசிவரை சந்தேகமே இல்லை. போருக்குப் போன ஆம்பிட்ரியான் வென்று திரும்பிவிட்டான் என்றே நினைக்கிறாள். ஜீயஸ் போர்ச் செய்திகளைக்கூடச் சொல்கிறான். ஓர் இரவை மூன்று இரவாக நீட்டிவைக்கிறான். உண்மையான கணவன் வந்து, வரவேற்பில் ஆவல் இல்லையே என்று கேட்க, 'நேற்றுதானே வந்தீர்கள்' என்கிறாள். டைரேசியஸ் என்ற குறிசொல்லி வந்துதான் முடிச்சு அவிழ்கிறது.

பெரிய வேறுபாடு தண்டனையில் இருக்கிறது. கௌதமர் சபித்தால் இந்திரனுக்கும் படும். ஆம்பிட்ரியானால் ஜீயஸை எதுவும் செய்ய முடியாது. ஹேராவும் கணவனை விட்டுவிட்டுப் பெண்ணைத்தான் பிடிக்கிறாள். பிரசவ தெய்வத்தை வாசலில் உட்காரவைத்து, கால்மேல் கால் போட்டு, விரல்களைக் கோத்துக்கொள்ளச் சொல்கிறாள். அந்தப் பின்னல் இருக்கும்வரை பிள்ளை வெளியே வராது. 7 நாள் வலி. பணிப்பெண் கலாந்திஸ் வெளியே ஓடிவந்து 'பிள்ளை பிறந்துவிட்டது' என்று பொய் சொல்ல, தெய்வம் திடுக்கிட்டு எழ, விரல் பிரிய, ஹெராக்ளீஸ் பிறக்கிறான். பொய் சொன்னதற்காக கலாந்திஸைக் கீரி போன்ற சிறு விலங்காக்கிவிட்டார்கள்.

கேள்வி: மெடூசாவும் இந்த வரிசையில் வருவாளா? – வாசகர், ஈரோடு

பதில்: ஒரு வகையில் வருவாள். ஹெசியோடில் அவள் பிறவியிலேயே கோர்கன். மூன்று சகோதரிகளில் அவளுக்கு மட்டும் சாவு உண்டு. பொசைடன் அவளோடு கூடியது வசந்தப் பூக்களிடையே, மெத்தென்ற புல்வெளியில். அழகியாக இருந்தவளைக் கோயிலில் கெடுத்தான், அதற்கு அவளுடைய கூந்தலே பாம்பானது என்ற கதை ஓவிட் சொல்வது. இரண்டுக்கும் நடுவே சுமார் 700 ஆண்டுகள். இரண்டையும் கலந்து ஒரே கதையாகச் சொல்வதால்தான் குழப்பம்.

கேள்வி: காலிஸ்டோ கரடிதான் சப்தரிஷி மண்டலம், அது கடலில் இறங்கவே இறங்காது என்று படித்தேன். ஆனால் எங்கள் ஊரில் அது மறைகிறதே? – வாசகர், யாழ்ப்பாணம்

பதில்: நீங்கள் பார்த்ததும் சரி, கதையும் சரி. இடம்தான் வேறு.

காலிஸ்டோ ஆர்க்கேடிய அரசன் லைக்கயோனின் மகள், வேட்டைத் தெய்வமான ஆர்ட்டெமிஸின் தோழி. ஓவிட் சொல்கிறபடி ஜீயஸ் ஆர்ட்டெமிஸின் உருவிலேயே வருகிறான். ஹேரா அவளைக் கரடியாக்குகிறாள். 15 வயது நெருங்கும் மகன் ஆர்க்கஸ், தாய் என்று அறியாமல் ஈட்டி ஓங்கும் நேரத்தில் இருவரையும் ஜீயஸ் வானில் வைக்கிறான். ஆத்திரம் அடங்காத ஹேரா கடல் தெய்வங்களிடம், 'அந்தக் கரடியை உங்கள் நீரில் குளிக்கவிடாதீர்கள்' என்று கேட்டுக்கொள்கிறாள். ஹோமரும் கடலில் குளிக்காதது கரடி ஒன்றுதான் என்கிறார்.

இது கிரேக்க வானத்தின் கணக்கு. துருவ நட்சத்திரம் ஓர் ஊரில் எவ்வளவு உயரத்தில் நிற்கும் என்றால், அந்த ஊரின் அட்சரேகை எத்தனை பாகையோ அத்தனை பாகை. கையை நீட்டி விரல்களை முட்டியாக மடக்கினால் அந்த முட்டியின் அகலம் சுமார் 10 பாகை. ஏதென்ஸில் துருவம் கிட்டத்தட்ட 4 முட்டி உயரம், அதாவது 38 பாகை. துருவத்திலிருந்து 38 பாகைக்குள் இருக்கும் நட்சத்திரம் எதுவும் அங்கே மறையாது. யாழ்ப்பாணத்தில் துருவம் ஒரே முட்டி. சென்னையில் 13 பாகை. ஆகவே ஏழு நட்சத்திரமும் நமக்கு இறங்கி மறையும். இன்று ஏதென்ஸிலேயே வால்நுனி நட்சத்திரம் லேசாக அடிவானத்துக்குக் கீழே இறங்கி எழும். பூமியின் அச்சு மெல்லத் தலையாட்டுவதால் ஹோமர் காலத்தில் ஏழும் துருவத்துக்கு இன்னும் நெருக்கமாக இருந்தன.

பார்ப்பதற்கு ஏப்ரல் கடைசியும் மே மாதமும் நல்லது. இரவு 9 மணிக்கு வடக்கே பார்த்து நின்றால் 4, 5 முட்டி உயரத்தில் ஏழும் தெரியும். வாலின் வளைவை அப்படியே நீட்டிக்கொண்டு போங்கள். பொன்னிறத்தில் சுவாதி வரும். கிரேக்கர்கள் அதற்கு இட்ட பெயர் ஆர்க்டூரஸ், கரடிக் காவலன். அக்டோபர், நவம்பரில் அதே நேரத்தில் தேடாதீர்கள், அடிவானத்துக்குக் கீழே இருக்கும்.

கேள்வி: ஜுபிட்டர் எனப்படும் வியாழனின் நிலவுகளுக்கு இந்தப் பெயர்கள் எப்படி வந்தன? – மாணவர், சிங்கப்பூர்

பதில்: நான்கு பெரிய நிலவுகளையும் கலிலியோ 1610 ஜனவரியில் கண்டார். அயோ, யூரோப்பா, கனிமீட், காலிஸ்டோ என்ற பெயர்களை வெளியிட்டவர் சைமன் மாரியஸ், 1614-இல், யோசனை கெப்ளருடையது. மூன்று பெண்கள், கனிமீட் மட்டும் டிராய் நாட்டுச் சிறுவன். 2011-இல் ஏவப்பட்டு 2016 ஜூலையில் வியாழனைச் சேர்ந்த விண்கலத்துக்கு ஜூனோ என்று பெயர் வைத்தார்கள். ஜூனோ, ஹேராவின் ரோமானியப் பெயர்.

கேள்வி: அருங்காட்சியக ஓவியங்களில் யார் யார் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? – வாசகி, சென்னை

பதில்: முகத்தைப் பார்க்காதீர்கள், பக்கத்தில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். காளை மேல் பெண் என்றால் யூரோப்பா. கிரேக்கத்தின் 2 யூரோ நாணயத்திலும் அவள்தான். அன்னம் என்றால் லீடா. பசு என்றால் அயோ. ஆட்டுக்கால் கொண்டவன் தூங்கும் பெண்ணை நெருங்கினால் பெரும்பாலும் ஆன்டியோபி. பொன்மழை என்றால் டானாயி.

ஏமாறும் இடங்களும் உண்டு. வியன்னாவில் உள்ள கொரெஜியோவின் ஓவியத்தில் அயோவின் பக்கம் பசுவே இல்லை. சாம்பல் நிற மேகம் ஒன்று அவளை அணைத்திருக்கும், உற்றுப் பார்த்தால் அதற்குள் ஒரு முகமும் கையும். புனித பீட்டர்ஸ்பர்க்கின் ஹெர்மிடாஜில் ரெம்பிராண்ட் வரைந்த டானாயிக்குப் பொன்காசு ஒன்றும் விழாது, பொன் வெளிச்சம் மட்டும்தான். அந்த ஓவியத்தின் மீது 1985-இல் ஒருவர் அமிலம் ஊற்றினார். சீர்செய்து 1997-இல்தான் மறுபடி காட்சிக்கு வைத்தார்கள்.

யூரோப்பா கையில் பூக்கூடை இருந்தால் அதையும் நின்று பாருங்கள். மோஸ்கஸ் என்ற கவிஞர் அந்தக் கூடையை வர்ணிக்கிறார்: தேவர்களின் கொல்லன் ஹெஃபெஸ்டஸ் செய்த பொற்கூடை, மேலே செதுக்கியிருப்பது கடலைக் கடக்கும் பசுவாக அயோ. யூரோப்பாவுக்கு அவள் பாட்டியின் பாட்டி. தன் குடும்பத்துப் பெண்ணுக்கு நேர்ந்ததைக் கையில் ஏந்திக்கொண்டே இவள் காளையை நெருங்குகிறாள்.

கேள்வி: ஹெலன் உண்மையிலேயே முட்டையிலிருந்தா பிறந்தாள்? – வாசகர், திருச்சி

பதில்: புராணத்தில் ஆமாம். யார் இட்ட முட்டை என்பதில்தான் இரண்டு கட்சி. ஒன்று, ஜீயஸ் அன்னமாக வந்ததால் லீடா இட்டது. மற்றது, நெமிசிஸ் என்ற தெய்வம் இட்டது, லீடா பாதுகாத்து வளர்த்தாள் என்பது. கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் கிரேக்கமெங்கும் சுற்றி எழுதிய பௌசானியஸ் ஸ்பார்ட்டாவில் ஒரு கோயிலைக் குறிப்பிடுகிறார். அதன் கூரையிலிருந்து நாடாக்கள் கட்டி ஒரு முட்டை தொங்கியது; லீடா இட்ட முட்டை இதுதான் என்று ஊரார் அவருக்குச் சொன்னார்கள்.